தலையை எண்ணியது போதும், தேவையை எண்ணச் சொல்வோம்!

தோழர்களே!

ஆகஸ்ட் 1 வருகிறது.

அந்த ஒரு நாளின் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நம் அரசுப் பள்ளிகளின் பணியாளர் நிர்ணயம் நடக்கும். எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்? எங்கே உபரி? எங்கே காலி? யாருக்குப் பணி நிரவல்? எல்லாம் அந்த நிர்ணயத் தாளில் முடிவாகிவிடும். முடிந்த பிறகு ஓர் ஆண்டுக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்தத் தாளில் நடக்க முடியாத பிள்ளையும் ஒன்று. காது கேளாத பிள்ளையும் ஒன்று. பார்வையில்லாத பிள்ளையும் ஒன்று. மூளை முடக்குவாதத்தால் ஒரு வாய்ச் சோற்றைத் தானே எடுத்து உண்ண முடியாத பிள்ளையும் ஒன்று. தலையை எண்ணுகிறார்கள். தேவையை எண்ணுவதில்லை!

இதை இன்னும் ஓர் ஆண்டு பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோமா? இன்னும் ஓர் ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கப் போகிறோமா?

போதும், தோழர்களே. பொறுத்தது போதும்.

இந்த அறைகூவல் உங்களுக்கு. வட்டார வள மையத்திலிருந்து நாளுக்கொரு பள்ளிக்கு வண்டியை மிதித்துக் கிளப்பும் சிறப்புப் பயிற்றுநர் தோழரே, உங்களுக்கு. ஒரு வட்டாரத்துப் பிள்ளைகளின் கைகால்களை எல்லாம் தன் இரண்டு கைகளில் சுமக்கும் இயன்முறை மருத்துவத் தோழரே, உங்களுக்கு. இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் ஆசிரியத் தோழரே, உங்களுக்கு. பிள்ளையைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்த தாயே, தோழரே, எல்லோரையும்விட முதலில் உங்களுக்கு!

நாம் எல்லோரும் ஒரே பக்கம். நம்மைப் பிரித்துப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி என்றது. 2012இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் நலிவுற்ற பிரிவினரே என்று அதில் எழுதப்பட்டது. கடுமையான பாதிப்புள்ள குழந்தைக்கு வீட்டிலேயே கற்கும் உரிமையும் எழுதப்பட்டது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தாம் இருந்தன. புதிய சட்டம் அதை 21 ஆக்கியது. பக்கத்துப் பள்ளியில் சேரும் உரிமையை 18 வயது வரை நீட்டியது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களை வேலைக்கு வைக்க வேண்டும் என்றது. சைகை மொழியும் பிரெயிலும் தெரிந்தவர்களை வைக்க வேண்டும் என்றது. போதிய வள மையங்கள் வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக் குழந்தைகளைக் கணக்கெடுத்து, அவர்கள் தேவை என்ன, அதில் எவ்வளவு நிறைவேறியது என்று பார்க்க வேண்டும் என்றது.

தேவை என்ன என்று எண்ணச் சொல்வது சட்டம், தோழர்களே! நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

பிறகு உச்ச நீதிமன்றம் பேசியது. சிறப்புக் கல்வி படித்த ஆசிரியர்கள் தொடுத்த வழக்கு அது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கு. 2021 அக்டோபர் 28 அன்று தீர்ப்பு வந்தது. எத்தனை பிள்ளைக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்று அளவு வகுத்துத்தான் ஆக வேண்டும், பணியிடங்களை உருவாக்கித்தான் ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். 2022இல் ஒன்றிய அரசு அளவை அறிவித்தது. தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைக்கு ஒருவர். நடுநிலை வகுப்புகளில் 15 பிள்ளைக்கு ஒருவர்.

10க்கு ஒருவர். 15க்கு ஒருவர். இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்யுங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுங்கள்.

அப்போதும் மாநிலங்கள் அசையவில்லை. 2025 மார்ச் 7 அன்று அதே வழக்கில் மறுபடி உத்தரவு வந்தது. பணியிடங்கள் எத்தனை என்று ஒவ்வொரு மாநிலமும் மூன்று வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும். இந்திய மறுவாழ்வு மன்றத்தின் தகுதி பெற்றவர்களை மட்டுமே நியமிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் உழைப்பவர்களின் தகுதியைப் பார்க்கக் குழு அமைக்க வேண்டும். தகுதியுள்ளோருக்கு முறையான ஊதிய விகிதம் தர வேண்டும். இதுதான் உத்தரவு.

மூன்று வாரம்! அந்த மூன்று வாரம் எப்போதோ போய்விட்டது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு அந்தப் பணியிடம் வந்து சேர்ந்ததா? உங்கள் ஒன்றியத்துக்கு எத்தனை பணியிடம் என்று பள்ளி வாரியாக எழுதிய தாளை யாராவது உங்களிடம் காட்டினார்களா? கேட்டீர்களா? கேட்டோமா?

நாம் கேட்கவில்லை. அதனால் யாரும் சொல்லவில்லை.

தோழர்களே, பள்ளி வாசலுக்கு வாருங்கள்.

வேப்பமரத்தடியில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவர். பிள்ளைக்கு எட்டு வயது. இடுப்பில் தூக்கும் வயது தாண்டிவிட்டது. ஆனாலும் தூக்குகிறார். இடைவேளை மணி அடித்ததும் ஓடுவார். கழிப்பறைக்குத் தூக்கிப் போக வேண்டும். கால் கழுவிவிட வேண்டும். மறுபடி பெஞ்சில் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். மதியம் சத்துணவைப் பிசைந்து ஊட்ட வேண்டும். நான்கு மணிக்கு மறுபடி தூக்க வேண்டும். நாளெல்லாம் அந்த மரத்தடிதான்.

இப்படி ஒரு தாயைப் பார்க்காத ஆசிரியர் நம்மில் உண்டா?

அவர் நூறு நாள் வேலைக்குப் போகவில்லை. களையெடுக்கப் போகவில்லை. கட்டட வேலைக்குப் போகவில்லை. போக முடியாது. பள்ளியில் ஓர் உதவியாளர் இருந்தால் அவர் போவார். உதவியாளர் இல்லை. அந்தச் சம்பளத்தை அரசு மிச்சம் பிடிக்கிறது என்று நினைக்காதீர்கள். அந்தத் தாயின் கூலியிலிருந்து நாள்தோறும் பிடித்தம் செய்கிறது!

பள்ளிக்கு உள்ளே வாருங்கள். தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி நிற்கிறது. மூளை முடக்குவாதக் குழந்தைக்கென்று முகாமில் கொடுத்தது. நெஞ்சுக்கு ஒரு வார். இடுப்புக்கு ஒரு வார். கால் வைக்க ஒரு பலகை. எந்த வாரை எவ்வளவு இறுக்குவது, பலகையை எந்த உயரத்தில் திருகுவது என்று காட்டித்தர ஆள் வரவில்லை. தப்பாகக் கட்டிப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஆசிரியருக்குப் பயம். நியாயமான பயம். நாற்காலி பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. பிள்ளை வளர்ந்துவிட்டான். நாற்காலி சிறியதாகிவிட்டது.

பொருள் கொடுத்தால் போதுமா? பொருளோடு ஆளையும் கொடுக்க வேண்டாமா?

2022இல் நலம் நாடி செயலி வந்தது. வகுப்பாசிரியர்களே பிள்ளைகளைப் பார்த்து, 21 வகைக் குறைபாடுகளில் எது என்று முதற்கட்டமாகக் கண்டறியும் செயலி. நல்ல ஏற்பாடு. நம் ஆசிரியர்கள் மனம் வைத்துச் செய்தார்கள். கண்டறிந்தாயிற்று, சரி. கண்டறிந்த பிள்ளைக்கு ஆள் எங்கே? பெயரைப் பதிவேற்றிவிட்டு ஆளை அனுப்பாமல் இருந்தால் அந்தத் தாய்க்கு நாம் என்ன பதில் சொல்வது?

இப்போது ஆள் பங்கீட்டுக்கு வருவோம். நெருப்பு இங்கேதான் இருக்கிறது.

சிறப்புப் பயிற்றுநர்களை வட்டார வள மையத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பள்ளிகளுக்கு முறை போட்டுப் போகிறார்கள். திங்கள் ஒரு பள்ளி. செவ்வாய் இன்னொரு பள்ளி. புதன்கிழமை வீட்டு வழிக் கல்விப் பிள்ளைகள். வியாழன் மையத்தில் பயிற்சி. வெள்ளி முகாம், கூட்டம், புள்ளிவிவரம். ஒரு பிள்ளையின் முறை திரும்பி வருவதற்குள், போன முறை சொல்லிக்கொடுத்தது மறந்துபோகிறது. வாரம் ஒருமுறை சோறு போட்டால் பிள்ளை பிழைக்குமா?

முதல் அநீதி இது: பணியிடம் பள்ளிக்கு இல்லை. வட்டாரத்துக்கு இருக்கிறது. வட்டாரத்துக்கு என்றால் யாருக்கும் இல்லை. வராவிட்டால் எந்தப் பள்ளியும் கேட்க முடியாது. வந்தால் எந்தப் பள்ளியும் நம்பி இருக்க முடியாது.

இரண்டாவது அநீதி: வட்டாரங்களை ஒரே கண்ணால் பார்க்கிறார்கள். நகரத்தில் ஒரு தெருவுக்கு அடுத்த தெருவில் பள்ளி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பார்த்துவிடலாம். தாளவாடி மலைக்கு ஏறிப் பாருங்கள். கல்வராயன் மலைக்கு ஏறிப் பாருங்கள். ஜவ்வாது மலைக்கு ஏறிப் பாருங்கள். பேருந்து போகும் நேரம் வேறு, பள்ளி நேரம் வேறு. ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டு இறங்க ஒரு பகல் போய்விடும். அந்த மலைக்கும் சமவெளிக்கும் ஒரே அளவில் ஆள் ஒதுக்கினால் அது சமமா? மலைப் பிள்ளைக்கு அது வஞ்சனை. தூரத்தைக் கணக்கில் சேர்க்காத பங்கீடு அநியாயப் பங்கீடு!

மூன்றாவது அநீதி: எந்தப் பிள்ளைக்கு எந்தப் பயிற்றுநர் என்று பார்ப்பதில்லை. சிறப்புக் கல்வியில் பிரிவுகள் உண்டு. செவித்திறன் குறைபாட்டுக்குப் படித்தவர் வேறு. பார்வைக் குறைபாட்டுக்குப் படித்தவர் வேறு. அறிவுசார் குறைபாட்டுக்குப் படித்தவர் வேறு. சைகை மொழி தெரிந்தவரைப் பிரெயில் தேவைப்படும் பிள்ளையிடம் அனுப்பினால் அவர் என்ன செய்வார்? தெரிந்த அளவுக்கு ஆறுதலாகப் பேசிவிட்டு வருவார். பதிவேட்டில் வருகை ஏறும். பிள்ளையின் விரலில் ஓர் எழுத்தும் ஏறாது.

நான்காவது அநீதி: சத்தம் போடத் தெரிந்த பள்ளிக்கு ஆள் போகிறது. ரோட்டோரப் பள்ளிக்கு ஆள் போகிறது. அதிகாரி பார்வையிட வரும் பள்ளிக்கு ஆள் போகிறது. காலனிப் பள்ளிக்கு வருவதில்லை. ஈராசிரியர் பள்ளிக்கு வருவதில்லை. கேட்க ஆளில்லாத பள்ளிக்கு யாருமே வருவதில்லை.

இது யாருடைய தவறு? முறை போட்டுப் போகும் பயிற்றுநரின் தவறா? இல்லை. அவரையும் நாம் அறிவோம்.

தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறார். பணிப் பாதுகாப்பு இல்லை. ஓய்வூதியம் இல்லை. வண்டி அவருடையது. அவர் கவனிக்கும் பிள்ளை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப்போனால், சொல்வதை எழுதுபவருக்கு அனுமதி வாங்க அலைவது அவர். அடையாள அட்டைக்குத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பது அவர். இத்தனை ஆண்டு உழைத்த பிறகும் அவர் திட்டப் பணியாளர். திட்டம் நின்றால் அவரும் நிற்க வேண்டும்!

திட்டம் நிற்காது என்று யாராவது உறுதி தர முடியுமா? 2024-25இல் என்ன நடந்தது? பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை. அதைக் காரணம் காட்டி ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதியை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2,152 கோடி ரூபாய்! 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சிறப்புப் பயிற்றுநரின் ஊதியமும் அந்தத் திட்டத்துக்குள்தான் இருக்கிறது. இயன்முறை மருத்துவரின் ஊதியமும் அதற்குள்தான். பிள்ளைக்குத் தரும் போக்குவரத்துப் படியும் அதற்குள்தான்.

டெல்லியும் சென்னையும் மல்லுக்கு நிற்கட்டும். மாநில உரிமைக்கான சண்டையில் நாம் மாநிலத்தின் பக்கம் நிற்போம். ஆனால் காது கேளாத ஒரு பிள்ளையின் பாடம் அந்தச் சண்டையில் அடமானம் போகக் கூடாது. ஆகவே கேட்கிறோம்: பணியிடங்களைத் திட்டத்திலிருந்து எடுங்கள். மாநிலத்தின் நிரந்தரப் பணியிடமாக்குங்கள். கணக்கு ஆசிரியருக்கு எப்படிப் பணியிடமோ, சிறப்புப் பயிற்றுநருக்கும் அப்படியே பணியிடம் தாருங்கள்!

சாக்குகள் வரும், தோழர்களே. வரிசையாக வரும். தயாராக இருங்கள்.

பணமில்லை என்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்பதுதான் ஒருங்கிணைந்த திட்டத்தின் அளவு. பெண் குழந்தைக்கு மாதம் 200 ரூபாய் ஊக்கத்தொகை, அதுவும் பத்து மாதத்துக்கு. இந்தத் தொகையில் உரிமை பிழைக்கும் என்றால் நிதிநிலை அறிக்கை தயாரித்தவரே வந்து ஒரு மாதம் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

சிறப்புப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்பார்கள். சிறப்புப் பள்ளியில் படிப்பது பிள்ளையின், பெற்றோரின் விருப்பம். பக்கத்துப் பள்ளியில் படிப்பது பிள்ளையின் உரிமை. ஆளை அனுப்பாமல் வைத்து, பிள்ளையைப் பள்ளியைவிட்டு வெளியே தள்ளுவதற்கு விருப்பம் என்று பெயர் வைக்காதீர்கள்.

வகுப்பாசிரியரே பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கும் பள்ளியில், விவரம் பதிவேற்றிக்கொண்டே, கரும்பலகைப் பக்கம் திரும்ப நேரமில்லாமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்குத் துணை கேட்கிறோம். அவர் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுவதை ஏற்க மாட்டோம்.

இந்தப் பள்ளியில் இரண்டு பிள்ளைதான், மூன்று பிள்ளைதான், எப்படிப் பணியிடம் தருவது என்பார்கள். பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துத் தாருங்கள். ஒரே குறுவள மையத்துக்குள் இரண்டு மூன்று பள்ளிகள் பகிர்ந்துகொள்ளும். சுற்றிவரும் பயிற்றுநர் முறையை உச்ச நீதிமன்றமே இடைக்கால ஏற்பாடாகத்தான் ஒப்புக்கொண்டது. அந்த இடைக்காலம் எப்போது முடியும்? நம் பிள்ளைகளின் பள்ளிக்காலம் முடிந்த பிறகா?

இனி நம்மை நாமே கேட்போம்.

சட்டம் இருக்கிறது. தீர்ப்பு இருக்கிறது. எண் இருக்கிறது. படித்துப் பதிவு செய்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள். இல்லாதது எது?

நம் குரல்!

கேட்டால் இடமாறுதல் வருமோ என்று பயிற்றுநர் பயப்படுகிறார். கேட்டால் அதிகாரி கோபிப்பாரோ என்று தலைமையாசிரியர் பயப்படுகிறார். கேட்டால் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிடுவார்களோ என்று தாய் பயப்படுகிறார். எல்லோர் பயமும் நமக்குப் புரிகிறது. தனித்தனியாக நிற்கும்வரை எல்லோர் பயமும் நியாயம்தான். சேர்ந்து நின்றால் பயப்பட வேண்டியவர்கள் வேறு.

மௌனத்துக்கு விலை உண்டு, தோழர்களே. அந்த விலையை நாம் கட்டுவதில்லை. பிள்ளை கட்டுகிறது.

காது கேளாத பிள்ளைக்கு மொழி வாய்க்கும் வயது திரும்பி வராது. முதல் சில ஆண்டுகளில் சைகையோ பேச்சோ பிடிபடாவிட்டால், பிறகு பல மடங்கு உழைக்க வேண்டும். இறுகிக்கொண்டு வரும் தசைக்கு நாள் தள்ளிப்போடத் தெரியாது. பயிற்சி நின்ற ஒவ்வொரு மாதமும் மூட்டு மடங்கிக்கொண்டே போகும். எழுத்து கலங்கித் தெரியும் பிள்ளையை மக்கு என்று ஐந்து வருடம் கூப்பிட்டால் அவன் ஆறாம் வருடம் பள்ளிக்கு வர மாட்டான். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று நாம் சொல்லலாம். அந்தப் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாது.

ஆகவே எழுங்கள். இன்றே எழுங்கள். செய்ய வேண்டியவை இவை.

எண்ணுங்கள்! உங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குச் சிறப்புக் கவனம் தேவை, எந்த வகை, என்ன ஆள் வேண்டும்? பயிற்றுநரா, இயன்முறை மருத்துவரா, பேச்சுப் பயிற்சியா, கழிப்பறைக்குத் தூக்கிப் போக உதவியாளரா? ஒரே தாளில் எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். தேவையை எழுதுங்கள். பக்கத்தில் இன்னொன்றையும் எழுதுங்கள்: போன மாதம் பயிற்றுநர் எத்தனை நாள் வர முடிந்தது?

தீர்மானம் போடுங்கள்! பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். குழுவின் பாதி இடம் பெண்களுக்கு. நலிவுற்ற பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும் என்பது சட்டம். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயைக் கூட்டத்துக்குக் கூட்டி வாருங்கள். அவரையே பேசச் சொல்லுங்கள். அவர் சொன்னதைத் தீர்மானமாக எழுதுங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு படி. முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு படி. ஆகஸ்ட் 1க்கு முன் போய்ச் சேரட்டும்.

கிராம சபையில் எழுந்து நில்லுங்கள்! ஆகஸ்ட் 15 அன்று சபை கூடும். தண்ணீருக்கும் சாலைக்கும் தீர்மானம் போடுகிற அதே சபையில் இதற்கும் போடுங்கள். ஊர்ப் பிள்ளைக்கு ஊர் பேச வேண்டும்.

தகவல் கேளுங்கள்! 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மாவட்டத்தில் எத்தனை சிறப்புப் பயிற்றுநர் பணியிடம், எத்தனை காலி, எந்தப் பள்ளிக்கு யார், எந்த அளவுகோலில் ஒதுக்கினார்கள்? 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுங்கள். ஓர் ஊர் கேட்டால் கோப்பில் போடுவார்கள். ஒவ்வொரு ஒன்றியமும் கேட்டால் கோப்பை எங்கே வைப்பார்கள்?

மறுத்து நில்லுங்கள்! பயிற்றுநரைப் பள்ளியிலிருந்து எடுத்து அலுவலகப் புள்ளிவிவர வேலைக்கு உட்கார வைத்தால், தலைமையாசிரியர் தோழரே, எழுத்தில் கேளுங்கள். இன்று இந்தப் பிள்ளைக்கு உரிய ஆளை எதற்காக எடுத்தீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் கேட்பது அந்தப் பிள்ளைக்காக.

சங்கங்களே, ஒன்று சேருங்கள்! தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம், பட்டதாரி ஆசிரியர் சங்கம், சிறப்புப் பயிற்றுநர் சங்கம், மாற்றுத்திறனாளிகள் சங்கம், பெற்றோர் கூட்டமைப்பு, எல்லோரும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் கையெழுத்திடுங்கள். ஊதிய உயர்வுக்கு ஒரு நாள், பணி நிரந்தரத்துக்கு ஒரு நாள், பிள்ளைகளுக்கு ஒரு நாள் என்று பிரித்து நின்றது போதும். பயிற்றுநரின் பணி நிரந்தரமும் பிள்ளையின் கல்வியும் ஒரே கோரிக்கை. நிலையாக நிற்கும் பயிற்றுநரிடம்தான் பிள்ளை நிலையாகக் கற்கும்.

நம் கோரிக்கை தெளிவானது. உரக்கச் சொல்லுங்கள்.

பணியாளர் நிர்ணயத்தில் தேவையைக் கணக்கில் எடு! 10க்கு ஒருவர், 15க்கு ஒருவர் என்ற அளவைப் பள்ளி வாரியாக நிறைவேற்று! மலைக்கும் தொலைவுக்கும் கூடுதல் ஆள் ஒதுக்கு! பிள்ளையின் குறைபாட்டுக்கு ஏற்ற தகுதியுள்ளவரை அனுப்பு! ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் உதவியாளர் கொடு! உழைத்தவரை நிரந்தரமாக்கு! ஒதுக்கீட்டுப் பட்டியலை ஊரறிய வெளியிடு!

பட்டியலை வெளியிடு என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். மறைத்து வைக்கும் பட்டியலில்தான் செல்வாக்கு புகும். ஊர் பார்க்கும் பட்டியலில் நியாயம் மட்டும்தான் நிற்க முடியும்.

சென்னை கல்லூரிச் சாலைக் கல்வி வளாகத்து வாசல் நமக்குப் புதிதல்ல. வெயிலில் உட்கார்ந்திருக்கிறோம். மழையில் உட்கார்ந்திருக்கிறோம். போலீஸ் வேனில் ஏற்றி மண்டபத்தில் வைத்து, மாலையில் விட்டிருக்கிறார்கள். மறுபடி போவோம். இந்த முறை தனியாகப் போக வேண்டாம். பெற்றோரோடு போவோம். பிள்ளைகளுக்காகப் போவோம். ஆனால் அதற்கு முன் நம் ஊரில், நம் ஒன்றியத்தில், நம் வட்டார வள மையத்தின் வாசலில் நிற்போம். சொந்த ஊரில் பேசாத வாய் சென்னையில் பேசி என்ன பயன்?

தோழரே, இதைப் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரை இன்று மாலையே பாருங்கள். பக்கத்துப் பள்ளித் தோழருக்கு இன்றிரவே சொல்லுங்கள். நாளை காலை அந்தத் தேவைத் தாளை எழுதத் தொடங்குங்கள்.

சட்டம் வந்துவிட்டது. தீர்ப்பு வந்துவிட்டது. நாம்தான் இன்னும் வரவில்லை.

வாருங்கள், தோழர்களே! ஆகஸ்ட் 1க்கு முன் வாருங்கள்!